சரிவான மனையில் குடும்ப வீடு அமைக்கும் முறை

தண்டலம் என்னும் ஊர், செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரையிலும் தொழிற்பேட்டைகள் பரவி, நன்செய் புன்செய் இரண்டும் பெருவாரியாகக் கைமாறின. நிலம் கொடுத்த குடும்பங்களின் கையில் வந்த பணம் பல இடங்களில், எஞ்சி நிற்கும் மனையில் வீடாக உருவெடுத்து வருகிறது. வயலில் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். வீட்டை இடம் மாற்றிக் கட்டுவதற்கு மறுபடியும் நிலம் விற்றாக வேண்டும். விற்பதற்கு நிலம் இராது. ஆகையால் மனையில் வீட்டை எங்கே, எந்த மட்டத்தில், எந்தத் திசையில் அமைப்பது என்னும் விஷயத்தைக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்வது அவசியம்.

இப்பகுதியில் மலை இல்லை. அதனாலேயே மனை சரிவாக இருப்பது பலர் கண்ணுக்குப் படுவதில்லை. நிலம் பொதுவாகக் கிழக்கு நோக்கி இறங்குவது. ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும் நாடு இது. 120 அடி நீளமுள்ள மனையில் மூன்று நான்கு அடி இறக்கம் இருப்பதைக் கோடைகாலத்தில் யாரும் உணர்வதில்லை. ஐப்பசியில் மழை பிடித்தவுடன்தான் கொல்லையில் முழங்கால் அளவு நீரும், வாசலில் உலர்ந்த தரையும் ஒரே மனையில் இருப்பது தெரிய வருகிறது. அதற்குள் சுவர் எழும்பிவிட்டால் பிறகு செய்யக்கூடியது சொற்பமே.

நீர் போகும் வழியை முதலில் அறிதல்

வடகிழக்குப் பருவத்தில்தான் இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் பெய்கிறது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது வழக்கம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. அந்த மழை மூன்று கிரவுண்டு, அதாவது 7,200 சதுர அடி உள்ள ஒரு மனையின்மேல் மட்டும் விழுந்தால் அது சுமார் 3,14,000 லிட்டர் நீராகும். மேலண்டை மனைகளிலிருந்து ஓடி வரும் நீர் இக்கணக்கில் சேரவில்லை. இவ்வளவு நீரும் ஏதேனும் ஒரு வழியாகப் போயே தீரும். அவ்வழியில் வீடு நின்றால் வீட்டுக்குள் புகுந்து போகும்.

மனையின் நீரோட்டத்தைக் காட்டும் சாதனங்கள் இரண்டு. ஒன்று, ஊரில் உள்ள வயது முதிர்ந்தோர். 2015-இல் நீர் எந்தத் தூண் வரை, எந்தத் திண்ணை வரை ஏறிற்று என்று அவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள். அந்த அடையாளத்தைச் சுவரிலோ மரத்திலோ குறித்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று கிராமக் கணக்கு. புல வரைபடத்தில் வாய்க்கால், ஓடை, வண்டிப்பாட்டை முதலியவை கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். அ-பதிவேட்டில் அவை புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும். இவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்வையிடுவதோடு, அரசின் இணையவழிச் சேவையிலும் பெறலாம். நன்செய்யை மனையாக்கி விற்ற இடங்களில், பழைய பாசன வாய்க்கால் தரையில் தூர்ந்து மறைந்து, படத்தில் மட்டும் உயிரோடிருக்கும். ஆனால் நீருக்கு அந்த வழி மறப்பதில்லை. அதன்மேல் எழுப்பிய சுற்றுச்சுவர் மழையில் சாய்வதோடு, புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்ற வழக்கும் உடன் வரும். ஏரிகளைப் பொறுத்தவரை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றத் தனி அதிகாரமே கொடுத்திருக்கிறது.

நிலத்தை வகைபிரித்துக் கணக்கிடும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பவர் செங்கற்பட்டுச் சீமையின் கிராமங்களை அளந்தபோது, வீட்டுமனைகள், ஏரி, வாய்க்கால், தோப்பு, சாகுபடி நிலம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கில் ஏற்றினார். ஊர் நத்தம் மேட்டிலும், வயல் பள்ளத்திலும் இருந்ததே பழைய ஏற்பாடு. இப்பொழுது மேட்டில் தொழிற்சாலையும், பள்ளத்தில் வீடும் அமைகின்றன. ஆகவே முன்னோர் வீட்டுக்கு வேண்டியிராத சில முன்ஜாக்கிரதைகள் இன்றைய வீட்டுக்கு வேண்டியிருக்கின்றன.

சரிவை அளத்தல்

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் கையாளும் மட்டக்குழாய், அதாவது நீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ரப்பர் குழாய், ஒன்றே போதும். மனையின் நான்கு மூலைகளிலும், நடுவே பத்துப் பன்னிரண்டு இடங்களிலும் முளை அடித்து, குழாயின் ஒரு முனையை மிக உயர்ந்த மூலையில் வைத்து, மறுமுனையில் நீர் நிற்கும் உயரத்தை ஒவ்வொரு முளையிலும் குறித்து, அங்கிருந்து தரை வரை அடி அங்குலமாக அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் அளவு பொய்க்கும். சாலையின் நடுமட்டத்தையும், அண்டை மனைகளின் மட்டத்தையும், நீர் கடைசியாகச் சேரும் வாய்க்காலின் அடிமட்டத்தையும் அதே முறையில் எடுப்பது சிலாக்கியம். ஒரே உயரமுள்ள முளைகளைச் சுண்ணாம்புப் பொடியால் இணைத்துக் கோடு போட்டால், அக்கோடே சமமட்டக் கோடாகும். புன்செய்யில் சமமட்ட வரப்புப் போட்ட குடியானவருக்கு இது புதிய வித்தை அன்று. வயலில் மண் அரிக்காதிருக்க எதைச் செய்தாரோ, அதையே மனையில் வீடு அரிக்காதிருக்கச் செய்கிறார்.

உதாரணத்துக்கு ஒரு மனையை எடுத்துக்கொள்ளலாம். தெற்கு வடக்கில் 60 அடி, கிழக்கு மேற்கில் 120 அடி, மேற்கே சாலை, சாலையோரத்திலிருந்து கிழக்கெல்லைக்கு 4 அடி இறக்கம். அதாவது 30 அடிக்கு ஓர் அடி. வீட்டின் அளவு 45 அடிக்கு 24 அடி என்று வைத்துக்கொள்வோம்.

மனை முழுவதையும் மண் நிரப்பி உயர்த்துதல்

இத்தகைய மனையை வாங்கியவுடன் பலர் முதலில் செய்வது, முழுவதையும் சாலை மட்டத்துக்கு மண் கொட்டி நிரப்புவது. மேற்சொன்ன மனைக்கு 14,400 கன அடி, அதாவது 144 யூனிட் மண் வேண்டும். மூன்று யூனிட் கொள்ளும் டிப்பர் லாரியில் 48 நடை. செலவு ஒருபுறமிருக்க, கிழக்கெல்லையில் நான்கு அடி உயரத்துக்குப் புதுமண்ணைத் தாங்கி நிற்கச் சுவர் வேண்டும். முன்பு அந்த மனையில் தங்கிச் சென்ற நீரெல்லாம் பக்கத்து மனைக்குத் திரும்பும். பக்கத்து மனைக்காரரும் நிரப்புவார், அவருக்கடுத்தவரும் நிரப்புவார். தெருவில் கடைசியாக எஞ்சும் பழைய வீடு எவருடையதோ, அது குளமாகும். பெரும்பாலும் அது நிரப்பப் பணமில்லாதவர் வீடாகவே இருக்கும். பஞ்சாயத்துக்கு வரும் மனைத் தகராறுகளில் இவ்வகையைத் தீர்ப்பது கடினம். ஏனெனில் இரண்டு கட்சிக்காரரும் தத்தம் மனைக்குள்ளேதான் மண் கொட்டியிருப்பார்கள்.

கொட்டும் மண்ணின் தரம் மற்றொரு விஷயம். ஏரி வண்டலை வயலுக்கு எடுத்துக்கொள்ளக் குடியானவர்களுக்கு அரசு அனுமதி அளித்திருக்கிறது; அது வயலுக்கே உரியது. களி கலந்த வண்டலை வீட்டுத் தரையின் அடியில் இட்டால், மழையில் பருத்து, கோடையில் சுருங்கி, தளக்கல்லைத் தூக்கி இறக்கும். தரையின் அடியில் நிரப்புவதற்குக் கிராவலும் மணற்பாங்கான சவுடும் ஏற்றவை. அவற்றையும் அரை அடிக்கு ஒரு படையாகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கிய பிறகே அடுத்த படை இட வேண்டும். லாரியிலிருந்து ஒரே குவியலாகக் கொட்டி, மேலே நீரைப் பாய்ச்சிவிட்டு, மண் அமர்ந்துவிட்டது என்று கொள்வது தவறு.

ஆகவே மனையை அதன் இயற்கைச் சரிவிலேயே விட்டு, வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்துவதே முறை. வீட்டின் பேஸ்மட்டம், சாலை நடுமட்டத்துக்கும் 2015-ஆம் ஆண்டு வெள்ளக் குறிக்கும் எது உயரமோ அதற்கு மேல் இரண்டு அடியாவது இருத்தல் வேண்டும். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய தளத்தின்மேலேயே புதுத்தளம் இட்டு உயர்த்தும் வழக்கத்தால் பல வீடுகள் பள்ளத்தில் அமிழ்ந்து போயின. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது இடும்படி 2021-ஆம் ஆண்டில் மாநில அரசு அறிவுறுத்தியது. எனினும் அதை நம்பிப் பேஸ்மட்டத்தைத் தாழ்த்துவது விவேகமன்று.

வீட்டின் திசை: சரிவும் வெயிலும்

இங்கேதான் உண்மையான சிக்கல் எழுகிறது. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, கேரளத்தில் நெடுநாள் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், குறைந்த செலவில் வீடு கட்டும் வழிகளை விளக்கும்போது, சரிவான மனையில் வீட்டின் நீளப்பக்கம் சமமட்டக் கோட்டை ஒட்டியே இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். திருவனந்தபுரத்தில் அவருடைய சொந்த வீடே பாறைச் சரிவொன்றில் அமைந்தது. அவர் சொன்னதன் காரணம் தெளிவு. மேற்சொன்ன மனையில் 45 அடி நீளம் சரிவின் போக்கில் இருந்தால் வீட்டின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் ஒன்றரை அடி வித்தியாசம். தரைக்கடியில் நிரப்ப எட்டு யூனிட் மண். அதே நீளம் சமமட்டக் கோட்டை ஒட்டி இருந்தால் வித்தியாசம் பத்து அங்குலத்துக்கும் குறைவு; நிரப்பும் மண் நாலேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். பேஸ்மட்ட உயரத்துக்கு வேண்டிய மண் இரண்டுக்கும் பொதுவாகையால் இக்கணக்கில் சேரவில்லை. சுவரின் அடிக்கட்டிலும் இதே விகிதத்தில் செலவு குறையும்.

ஆனால் தண்டலத்தில் நிலம் சரிவது கிழக்கே. சமமட்டக் கோடு தெற்கு வடக்காக ஓடுகிறது. அதை ஒட்டி வீட்டை வைத்தால் 45 அடி நீளச் சுவர் இரண்டும் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். சித்திரை வைகாசி மாதங்களில் பிற்பகல் வெயில் முழுவதும் மேற்குச் சுவரில் விழுந்து, இரவெல்லாம் அறைக்குள் சூடாக இறங்கும். கேரளத்து மழைச்சரிவில் நன்மையாய் முடிந்த யோசனை, இங்கே அப்படியே பொருந்தாது.

30 அடிக்கு ஓர் அடியோ, அதற்கும் குறைவாகவோ சரிவு இருந்தால் வெயிலுக்கே முதலிடம் கொடுத்து, நீளப்பக்கத்தைக் கிழக்கு மேற்காக வைக்கலாம். செலவாகும் அதிக மண் நான்கு யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 20 அடிக்கு ஓர் அடிக்கு மேற்பட்ட சரிவானால், சமமட்டக் கோட்டை ஒட்டியே வீட்டை வைத்து, மேற்கே ஆறு ஏழு அடி அகலத்தில் தாழ்வாரம் இறக்கி வெயிலைத் தடுப்பது நலம். மேல்புறத்தில் சமையலறை, சாமான் அறை, மாடிப்படி இவற்றை வைத்து, படுக்கை அறைகளைக் கீழ்ப்புறம் அமைப்பதாலும் உபத்திரவம் குறையும். இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவில், மனையின் அகலமும் சாலையின் திசையும் கொண்டு தீர்மானிக்க வேண்டியதுதான்.

நீளப்பக்கம் சரிவின் போக்கில் அமையும் வீட்டை ஒரே தரைமட்டமாகக் கட்ட வேண்டியதில்லை. பழைய முற்றம் வைத்த வீட்டில் திண்ணை, நடை, கூடம், முற்றம், தாழ்வாரம், புழக்கடை என்று மட்டம் மாறிக்கொண்டே போவதைக் காணலாம். அதே முறையில், முன்கட்டை மேல்மட்டத்திலும், பின்கட்டை ஒன்றரை அடி கீழேயும் வைத்து, நடுவே முற்றத்தின் ஓரத்தில் அரையடிப் படி மூன்று அமைத்தால், வீடு நிலத்தோடு இசைந்து இறங்கும். இதில் ஒரு குறையும் உண்டு. வீட்டில் முதியோர் இருந்தால் அம்மூன்று படியும் நாள்தோறும் தொந்தரவு. சக்கர நாற்காலி ஏற வேண்டுமானால் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றமே மிகுதியான அளவு. ஒன்றரை அடிக்கு 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். முற்றத்தில் அதற்கு இடம் போதாது. தென்புறச் சுவரை ஒட்டி வெளியே அமைத்துக்கொள்ளலாம். இல்லையேல், முதியோரின் அறை, குளியலறை, கூடம் மூன்றையும் ஒரே மட்டத்தில் முன்கட்டிலேயே வைத்துவிடுவது எளிய பரிகாரம்.

மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள், கன்னிமூலையாகிய தென்மேற்கு உயர்ந்தும், ஈசானியமாகிய வடகிழக்கு தாழ்ந்தும் இருக்க வேண்டும் என்பார்கள். கிழக்கே சரியும் மனைக்கு இது செலவில்லாமலே ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. எதிர்த்திசையில் சரியும் மனையில் அதற்காக மனை முழுவதையும் புரட்டிப் போடுவோரும் இருக்கிறார்கள். தென்மேற்கு அறையின் கூரையையோ, மாடியின் நீர்த்தொட்டியையோ அம்மூலையில் உயர்த்தி மனச்சாந்தி பெறுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. நீரின் போக்கை மாற்றுவதற்கு ஆகும் செலவோ முடிவில்லாதது.

மண்ணும் கடைக்காலும்

சரிவான மனையில் வீடு வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. மேற்புறத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்புறத்தில் நிரப்பி, மட்டமாக்கிய மேடையின்மேல் வீட்டைக் கட்டுகிறார்கள். கண்ணுக்கு மேடை ஒன்றுதான். ஆனால் வீட்டில் பாதி பூர்வ மண்ணிலும், பாதி நிரப்பு மண்ணிலும் நிற்கிறது. நிரப்பு மண் பல ஆண்டுகள் அமர்ந்துகொண்டே போகும். பூர்வ மண் அசையாது. இரண்டும் சேரும் கோட்டில் சுவர் பிளக்கும். சன்னல் மூலையிலிருந்து குறுக்குச் சாய்வாக ஓடும் வெடிப்பைக் கண்டால், பூச்சுவேலையைக் குறைகூறுவதற்கு முன் அடியில் உள்ள மண்ணைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகையால் கடைக்கால் முழுவதும் பூர்வ மண்ணிலேயே அமர வேண்டும். கீழ்ப்புறத்தில் நிரப்பு மண் இரண்டடி இருந்தால், அந்த இரண்டடியையும் கடந்து தோண்டித்தான் அடியைக் காண வேண்டும். கடைக்காலின் அடியைச் சரிவாக விடுதல் கூடாது. படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் மட்டக்குழாயால் சரிபார்த்து மட்டமாக்கி, ஒரு படியின் கட்டு அடுத்த படியின்மேல் நன்றாகப் படிந்து ஏறும்படி செய்ய வேண்டும். காலம் போட்டுக் கட்டுவதாயின், ஒவ்வொரு காலத்தின் அடியும் தன் தன் இடத்தில் பூர்வ மண்ணைத் தொட்டு, மேலே பிளிந்த் பீமால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும்.

இவ்வட்டாரத்து மண் எங்கும் ஒரே தரமன்று. பூமிசாஸ்திரிகள் ஸ்ரீபெரும்புதூர் படிவுகள் என்று பெயரிட்டு, அதில் பதிந்த தொல்பழங்காலச் செடிகளின் தடங்களுக்காக ஆராய்ந்துவரும் களிப்பாறையும் மணற்பாறையும் சில இடங்களில் மேலாகவே கிடைக்கின்றன. சில இடங்களில் கூழாங்கல் கலந்த செம்மண். ஏரிக்கு அருகே கனத்த களி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் என்றால் குடியானவருக்கு வேறு சோதனை வேண்டாம். அம்மண்ணில் பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழம் ஐந்தடிக்கும் மேற்படலாம். மூன்றடிக் கடைக்கால் அங்கே பயன் தராது. இதற்கென ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய முறையொன்று உண்டு. தரையில் குறுகிய குழி துளைத்து, அதன் அடிப்பாகத்தைத் தண்டின் விட்டத்தைப்போல இரண்டரை மடங்கு அகலமாக விரித்து, கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பித் தூண் இறக்குவது. ஈரம் மாறாத ஆழத்தில் அத்தூண் வேர் ஊன்றியது போல் நிற்கும். எந்த மண்ணில் எது தகும் என்பதை, மனையில் இரண்டு இடத்தில், மேற்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் ஒன்றுமாகச் சோதனைக் குழி எடுத்து, பொறியாளர் ஒருவருக்குக் காட்டித் தீர்மானிப்பதே சரி. ஒரே குழியைப் பார்த்து முடிவு செய்வது சரிவான மனையில் ஏமாற்றம் தரும்.

தாங்குசுவர் தவிர்க்க முடியாத இடத்தில், அதன் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையலாகாது. சுவரின் பின்னே ஜல்லி நிரப்பி, ஐந்தாறு அடிக்கு ஒன்றாக நீர் கசியும் துளை விட வேண்டும். தாங்குசுவர் பெரும்பாலும் சாய்வது பின்னே தேங்கிய நீரால்தான். மண்ணின் பாரம் இரண்டாவது காரணமே. நான்கடிக்கு மேற்பட்ட சுவரைக் கொத்தனாரின் கைப்பழக்கத்துக்கு மட்டும் விடக்கூடாது. இரண்டடிக்கு உட்பட்ட இறக்கமானால் சுவரே வேண்டாம். சமமட்டக் கோட்டில் வெட்டிவேரை அரையடிக்கு ஒரு தூராக நெருக்கி நட்டால், இரண்டு மழைக்காலத்தில் அது அடர்ந்த வேலியாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கர்நாடகத்துக் குண்டலுப்பேட்டைப் பக்கத்தில் குடியானவர்கள் வயல் எல்லைகளில் தலைமுறை தலைமுறையாக இதை நட்டு வருகிறார்கள்.

கிணறு, கொட்டில், கழிப்பறை

வீட்டின் மேற்புறத்தில், சுவரிலிருந்து பத்தடி தள்ளி, ஒன்றரை அடி அகலமும் ஓரடி ஆழமுமான தடுப்பு வாய்க்கால் ஒன்று வெட்டி, இருபுறமும் வளைத்துக் கீழே இறக்கிவிட்டால், மேலண்டையிலிருந்து வரும் நீர் வீட்டைத் தொடாமல் சுற்றிப் போகும். அது முடியும் இடம் புல வரைபடத்தில் உள்ள வாய்க்காலாகவோ, சொந்தத் தோட்டமாகவோ இருத்தல் வேண்டும்; அடுத்தவர் வேலியோரமாக அன்று. கூரைநீரை இதில் விட வேண்டாம். நூறு சதுர மீட்டர் கூரையின்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஆயிரம் லிட்டர் நல்ல நீர். 2003-ஆம் ஆண்டு முதல் இம்மாநிலத்தில் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆயினும் களிமண் மனையில் வீட்டுச் சுவரை ஒட்டியே உறிஞ்சுகுழி வெட்டுவது கடைக்காலைத் தானே நனைத்துக் கெடுப்பதாகும். தரைத்தொட்டியில் பிடித்து, மிகுந்ததைக் கிணற்றிலோ, பதினைந்தடிக்கு அப்பால் கீழ்ப்புறத்துக் குழியிலோ விடுவது தகும்.

கிணறு மேட்டிலும், மாட்டுக்கொட்டில், எருக்குழி, கழிப்பறைக் குழி ஆகியவை பள்ளத்திலும் இருப்பது பொது விதி. இவ்விடத்தும் மனையடி சாஸ்திரத்தோடு ஒரு முரண் நேர்கிறது. அது கிணற்றை ஈசானியத்தில் வைக்கச் சொல்கிறது. கிழக்கே சரியும் மனையில் அது பள்ளத்து மூலை. வீட்டார் அதை விட மனமில்லாதவராயின், கழிப்பறைக் குழியையும் எருக்குழியையும் தென்கிழக்குக் கோடியில், கிணற்றுக்கு ஐம்பது அறுபது அடிக்குக் குறையாத தூரத்தில் வைத்து, கிணற்றின் கைப்பிடிச் சுவரை வெள்ளக் குறிக்கு மேல் உயர்த்தி, சுற்றிலும் வெளிச்சாய்வாகச் சிமெண்டுத் தளம் இட வேண்டும். மேற்சொன்ன 60 அடி அகல மனையில் எல்லை இடைவெளி போக இந்தத் தூரம் மூலைக்கு மூலை கிடைப்பது அருமை. கழிப்பறைக் குழியைத் தென்புறமாகவே மேற்கு நோக்கிச் சிறிது நகர்த்தினால் கிடைத்துவிடும். அதற்கும் இடமில்லாத சிறு மனையில் ஈசானியக் கிணற்றை விட்டுவிடுவதே குழந்தைகளுக்கு நல்லது. களிமண்ணில் கழிவுநீர் கீழே இறங்காது என்பதும், கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி வந்து குழியோடு கலக்கும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

கொட்டிலின் தரை 40 அல்லது 60 அடிக்கு ஓர் அடி மூத்திரக் கால்வாயை நோக்கிச் சரிந்திருந்தால் போதும். சரிவான மனை அந்த வேலையைத் தானே பாதி செய்துகொடுக்கிறது. அதிகச் சரிவில் கட்டிய மாடு கால் வழுக்கும். காற்று வரும் பக்கம் பார்த்துக் கொட்டில் வைக்க வேண்டும் என்பார்கள். ஆடியில் மேல்காற்றும், ஐப்பசியில் வாடையும், கோடை மாலையில் கடற்காற்றும் வீசும் இவ்வூரில் எந்தப் பக்கம் வைத்தாலும் சில மாதம் நாற்றம் வரத்தான் வரும். நீரைக் கொண்டே தீர்மானித்துவிடலாம். குளியல் நீரும் சமையலறை நீரும் போகும் கீழ்ப்புறத்தில் வாழையும் சேப்பங்கிழங்கும் செழிக்கும். வேம்பு, புளி, அரசு முதலிய பெருமரங்களைக் களிமண்ணில் சுவருக்கு அருகே வைத்தல் ஆகாது. மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுவது உத்தமம்.

அனுமதியும் பருவமும்

கட்டட அனுமதிக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறை, 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத கட்டடத்துக்கே உரியது; மூன்று கிரவுண்டு மனை அதில் அடங்காது. கிராம அலுவலரும் ஊராட்சியாரும் மனையைப் பார்வையிட வரும்போது எல்லைக் கல்லோடு நில்லாமல், நீர் வெளியேறும் மூலையையும் பார்த்து, அது எந்தப் புல எண்ணில் போய்ச் சேருகிறது என்று குறித்துக்கொண்டால், பிற்பாடு எழும் வழக்குகளில் பாதி எழாமலே போகும்.

தை பிறந்து மண் உலர்ந்தபின் கடைக்கால் தோண்டி, சித்திரைக்குள் பேஸ்மட்டத்தை முடித்து, ஆவணி புரட்டாசிக்குள் தளம் போட்டுவிடுவது இப்பகுதிக்கு ஏற்ற கால அளவு. பேஸ்மட்டத்துக்குள் ஆழமாக மண் நிரப்பிய வீட்டில், தரையின் தளக்கல்லை மட்டும் ஒரு மழைக்காலம் கழியும் வரை இடாமல், வெறும் கான்கிரீட்டோடு விட்டு வைக்கலாம். மண் அமர்ந்து கான்கிரீட்டில் பள்ளம் விழுந்தால், அதைச் சமன்செய்து மறு தையில் கல் பதிக்கலாம். கிரகப்பிரவேசத்துக்கு வருவோர் கண்ணுக்குத் தரை சற்று அழகு குறைந்து தோன்றும் என்பதைத் தவிர இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சுற்றுச்சுவரைக் கடைசியாக எழுப்பி, கீழ்ப்புற எல்லையில் தரையோடு ஒட்டிப் பத்தடிக்கு ஒன்றாக முக்காலடித் திறப்பு விட்டு, பாம்பு நுழையாதபடி கம்பிவலை வைத்துவிடலாம். ஐப்பசிக்கு முன் வலையில் சேர்ந்த சருகை அகற்றும் வேலை ஆண்டுதோறும் இருக்கும்.